கோலமாவுச் சமையலறை

யார் வீட்டுக்குப் போனாலும் அந்த அம்மாள் கூடத்தில் உட்கார மாட்டார். செருப்பை வாசலில் விடுவார், "வாங்க" என்பதற்குத் தலையை ஆட்டுவார், நேராக அடுப்பங்கரைக்குப் போய்விடுவார். அங்கே நடுவில் நின்று ஒரு சுற்றுத் திரும்புவார். பிறகு அந்த வீட்டுக்காரியின் முழங்கையைப் பிடித்துப் பார்ப்பார். நாடி பார்க்கிற மாதிரி இருக்கும். அவர் பார்ப்பது தரையிலிருந்து அந்த முழங்கை எவ்வளவு உயரம் என்பதை.

"அடுப்பு தப்பான எடத்துல கீதும்மா," என்பார்.

சித்தூரில் அவர் போய்வந்த எந்த வீட்டிலாவது அடுப்பு சரியான இடத்தில் இருந்தது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து, சித்தூர் அந்தப் பக்கம் சேர்ந்திருந்த சமயம். எல்லையோரத்தில் எந்தக் கிராமம் எந்த ராஜ்யத்துக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. அந்தச் செய்திகளை அனுப்புவதற்காகச் சென்னைப் பத்திரிகை ஒன்று என்னைச் சித்தூரில் உட்கார்த்தி வைத்திருந்தது. கட்டமஞ்சியில் அந்த அம்மாள் வீட்டின் முன்னறையில் குடியிருந்தேன். சாப்பாடும் அங்கேயே. அவர் கணவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. பதினெட்டு வயதில் சரோஜா என்று ஒரே மகள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அந்த அம்மாளிடம் அளவுகோல் கிடையாது. சாண், முழம், தப்படி ஆகிய மூன்றும் போதும். நுணுக்கமான இடங்களுக்கு விரற்கடை. நின்றுகொண்டு சமைக்கிற மேடை, சமைப்பவளின் முழங்கைக்கு எட்டு விரற்கடை கீழே இருக்க வேண்டும் என்பது அவர் தீர்மானம். அப்போது எங்கள் பக்கத்தில் நின்று சமைக்கிற வீடுகளே குறைவு. அடுப்பு தரையில் இருக்கும், சமைப்பவர் மணையில் உட்கார்ந்திருப்பார், மற்றதெல்லாம் சுவரோரத்தில் இருக்கும். உப்புக்கு ஒரு முறை எழ வேண்டும், தண்ணீருக்கு ஒரு முறை, துணிக்கு ஒரு முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் காத்திருந்தபோது அந்த அம்மாள் எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தார் என்று எண்ணினேன். நாற்பத்தொரு தடவை. சொன்னேன்.

"கொறச்சி எண்ணிட்ட தம்பி. நீ நடுவுல பேப்பர பொரட்டிக்கினு இருந்த," என்றார்.

அவர் மற்றவர்கள் வீட்டில் செய்த காரியங்களுக்குச் சாட்சிகள் உண்டு. ஒரு தாசில்தார் வீட்டில் சீமந்தம். குமாஸ்தாவின் மனைவி என்ற முறையில் இவரும் போனார். வளையல் அடுக்கி முடிவதற்குள் அந்த வீட்டம்மாவை அடுப்பங்கரையில் நிறுத்தி, அம்மி வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பதையும், யார் உள்ளே வந்தாலும் அரைப்பவளுக்குத் தெரியாது என்பதையும், குறுக்கே உள்ள சுவரை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் விளக்கிவிட்டு வந்தார். பத்து நாள் கழித்துத் தாசில்தார், குமாஸ்தாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்க வீட்டம்மா வந்துட்டுப் போனதுலேர்ந்து எங்க வீட்ல செவுரு இல்லைய்யா," என்றார். "கொத்தனார் பாதியில ஊருக்குப் போய்ட்டான். நான் ஓட்டல் இட்லி துன்னுகினு கீறேன்."

குமாஸ்தா அன்றிலிருந்து எந்த அதிகாரியின் வீட்டு விசேஷத்துக்கும் மனைவியை அழைத்துப் போவதில்லை. மனைவிக்கு எப்போதும் வயிற்று வலி என்று சொல்லிவிடுவார். ஆபீசில் பலர் அந்த அம்மாளுக்குத் தீராத நோய் என்றே நம்பியிருந்தார்கள்.

புத்தலப்பட்டில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது, சமையல் பந்தலில் வெட்டியிருந்த கோட்டை அடுப்புகளின் வாய் காற்றுக்கு நேராக இருக்கிறது என்று இவர் கண்டுபிடித்தார். சமையல்காரர் நாற்பது வருட அனுபவசாலி. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நீயே வந்து ஊதும்மா," என்றார். இவர் சேலையைச் செருகிக்கொண்டு, மண்வெட்டி வாங்கி, அடுப்பு வாயைப் பக்கவாட்டில் திருப்பி வெட்டிக் கொடுத்தார். சாம்பார் நேரத்துக்கு வந்தது. சமையல்காரர் மட்டும் கடைசி வரை அந்த அடுப்புப் பக்கம் திரும்பாமல், தன் தம்பியை விட்டே கிண்ட வைத்தார்.

இவ்வளவும் செய்தவரின் சொந்த அடுப்பங்கரைதான் நான் பார்த்ததிலேயே மோசமானது. மாமியார் காலத்து ஏற்பாடு. உப்புப் பானை அடுப்புக்குப் பின்னால் ஒரு மாடத்தில் இருந்தது. உப்பு வேண்டுமென்றால் எரிகிற அடுப்புக்கு மேலே கையை நீட்ட வேண்டும். அந்த அம்மாளின் வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஐந்து தழும்புகள் இருந்தன.

"இது நான் இந்த வூட்டுக்கு வந்த வருஷம்," என்று ஒருநாள் காட்டினார். "இது சரோஜா வயித்துல இருந்தப்ப. இது மாமியா செத்த அன்னிக்கு, முப்பது பேருக்கு ஆக்கினேன். உப்புப் பானய இப்படி ஒரு முழம் தள்ளி வச்சிருந்தா ஒண்ணுகூட இல்ல."

"அப்போதே தள்ளி வைத்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"மாமியா வச்ச எடத்த மாத்தறதா? நல்லா கேட்ட போ."

மாமியார் போன பிறகு மாற்றத் தடையாக இருந்தது எல்லைப் பிரச்சினை. குமாஸ்தாவின் வேலையே அதுதான். கிராமப் பட்டியல்களைத் திருத்தித் திருத்திப் பிரதி எடுப்பது. நாகலாபுரம் இன்றைக்கு ஒரு பட்டியலில் இருக்கும், நாளைக்கு வேறொன்றில் வரும். எல்லை முடிவானதும் அவரைப் போன்றவர்கள் எந்த ராஜ்யத்தில் உத்தியோகம் பார்க்க விருப்பம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று பேச்சு இருந்தது. அவர் எதையும் முடிவு தெரியாமல் தொடுகிற ஆள் இல்லை.

"மெட்ராஸ் பக்கம்னு எழுதிக் குடுத்தா இந்த வீட்ட வித்துட்டுப் போவணும். விக்கற வீட்டுக்கு மேடை எதுக்கு?"

"வாங்கறவ பொம்பளதானே? அவ மட்டும் காத்தத் துன்னுகினா இருக்கப் போறா?"

"முடிவு தெரியட்டும்."

"ஒரு ஊர இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு சொல்ல இத்தினி வருஷமா? அங்க கோடு போடத் தெரிஞ்ச பொம்பள ஒருத்திகூட இல்லியா?"

ஆகவே அவர் தன் சமையலறையைக் கட்டவில்லை, வரைந்தார். மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட ஒரு தகர டப்பாவில் கோலமாவு வைத்திருந்தார். பின்வாசலுக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த மண் தரையில் அதைத் தட்டித் தட்டி, சமையலறையை நிஜ அளவிலேயே வரைவார். சுவர், வாசல், ஜன்னல், மேடை, ஜலதாரை எல்லாம் இருக்கும். வரைந்து முடித்ததும் உள்ளே போய்ச் சமைப்பார். பாத்திரம் இல்லை, தீ இல்லை. அரிசி களைவார், வடிப்பார், தாளிப்பார், கடுகு வெடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்காவது இரண்டு தப்படி கூடுதலாக நடக்க வேண்டியிருந்தால் உள்ளங்கையால் சுவரை அழித்து வேறு இடத்தில் போடுவார்.

காலையில் குளிக்கப் போகிற எனக்கு அந்த இடத்தைக் கடக்காமல் வேறு வழி இல்லை. முதல் நாள் துண்டும் சோப்புமாக நேரே நடந்தேன்.

"எங்க வர்ற தம்பி? அது ஜன்னலு!"

மறுநாளிலிருந்து வாசல் வழியாக நுழைந்து, மேடையைச் சுற்றி, பின்கதவு வழியாக வெளியேறிக் குளிக்கப் போனேன். பால்காரரும் அப்படியே வந்து போவார். குமாஸ்தா மட்டும் வீட்டுக்கு உடையவர் என்ற உரிமையில் சுவர்களை மிதித்துக்கொண்டு நடப்பார். நான் அங்கே இருந்த மூன்று வருடத்தில் பதினோரு சமையலறைகள் வந்து போயின. மேடைக்கு ஒரு செங்கல்கூட வாங்கவில்லை.

சரோஜாவுக்கு வரன் பார்த்தபோதுதான் இந்த வரைபடத்தால் ஒரு நல்ல காரியமே கெட இருந்தது.

சரோஜா இடது கைக்காரி. பெருக்குவது, அரிவது, கிண்டுவது, எழுதுவது எல்லாம் இடது கை. சாப்பிடுவது மட்டும் வலது. அது சின்ன வயதில் அடி வாங்கிப் பழகியது. நல்ல பெண், முகமும் நன்றாக இருக்கும். ஆனால் புத்தூரில் ஒரு வரனும் நகரியில் தறிக்காரர் வீட்டு வரன் ஒன்றும் இந்தக் கையினால் தட்டிப் போயிருந்தன. நகரிக்காரர்கள் பெண் பார்க்க வந்த இடத்தில், விளக்குத் திரியை அவள் இடது கையால் தூண்டியதைப் பார்த்துவிட்டுப் பலகாரத்தைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டார்கள்.

மூன்றாவதாக வந்தது திருப்பதி வரன். பையன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அப்பாவுக்குப் பாத்திரக் கடை. இது போனால் அடுத்தது வருமா என்ற பயம் அந்த வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. அவர்கள் பெண் பார்க்க வருகிற அன்று காலை, அந்த அம்மாள் சரோஜாவின் வலது கை ஆள்காட்டி விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

பையனின் தாயார் உயரமும் பருமனுமான பெண்மணி. தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார்; அந்த அம்மாளை வந்ததுமே 'வதினா', அதாவது அண்ணி, என்று கூப்பிட்டார். சரோஜா இடது கையால் தட்டை நீட்டியதும் விரலைத்தான் பார்த்தார்.

"இன்னாம்மா வெரல்ல?"

"எண்ண தெறிச்சிடுச்சி அத்தை."

"அய்யோ தல்லி! பாத்து செய்யக் கூடாதா? வச்சிடு, வச்சிடு, நானே எடுத்துக்கறேன்."

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பெண் பிடித்திருக்கிறது என்று மூன்றாம் நாள் சேதி வந்தது. பெண் வீட்டார் திருப்பதிக்கு வந்து வீட்டைப் பார்த்துவிட்டு, மனசுக்குப் பிடித்தால் அன்றைக்கே தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். போகிறவர்கள் குமாஸ்தா, அந்த அம்மாள், கார்வேட்டிநகரத்திலிருந்து வந்திருந்த குமாஸ்தாவின் அண்ணன். மூன்று பேராகப் போனால் போகிற காரியம் ஆகாது என்பதால் நாலாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பஸ்ஸில் முன் சீட்டில் அந்த அம்மாள் தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின் சீட்டிலிருந்து குமாஸ்தா புத்தலப்பட்டு தாண்டியதிலிருந்தே ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"அவங்க வூட்டு அடுப்பு எங்கியோ இருந்துட்டுப் போவட்டும். நீ போயி நோட்டம் சொல்லாத. பொண்ணு காரியம்."

"நான் இன்னா கொழந்தயா?"

"சத்தியம் பண்ணு."

ஏழுமலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது. அந்த அம்மாள் மலையைப் பார்த்துக் கும்பிட்டார். "அந்த மலமேல சத்தியமா அவங்க அடுப்பங்கரைக்குள்ள கால வைக்க மாட்டேன். போதுமா?"

போதும் என்று குமாஸ்தா நினைத்தார்.

வீடு கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தது. கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். பையனின் அப்பாவும் குமாஸ்தாவின் அண்ணனும் முகூர்த்த மாதங்களைப் பற்றிப் பேசினார்கள். பையன் கதவோரம் கைகட்டி நின்றான். தாயார் உள்ளே பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். உள்ளிருந்து புகை வந்தது. முதலில் கொஞ்சமாக வந்தது. பிறகு பையனின் முகம் சரியாகத் தெரியாத அளவுக்கு வந்தது. அந்த அம்மாள் இரண்டு கைகளையும் கோத்து மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் தாங்கினார்.

பையனின் தாயார் பஜ்ஜித் தட்டோடு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க வதினா. இந்தப் பொகை தெனமும் இப்படித்தான்."

"காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?" என்றார் அந்த அம்மாள்.

குமாஸ்தா இருமினார். அது புகையால் வந்த இருமல் இல்லை.

"எந்தப் பக்கம் வந்தா இன்னா, போறது என் கண்ணுக்குத்தான். இருவது வருஷமா."

"ஜன்னலு?"

"ஜன்னலுக்கு முன்னாடி ஒங்க அண்ணய்யா பாத்திரத்த அடுக்கி வச்சிக்கீறாரு. கடயில எடம் இல்லியாம்."

பாத்திரக் கடைக்காரர் பஜ்ஜியைப் பிட்டு அதன் உள்பக்கத்தைக் கவனமாகப் பார்த்தார்.

"கொல்லையில மண் தரை கீதா?" என்று கேட்டபடி அந்த அம்மாள் எழுந்தார்.

"இந்தா, மலையப் பாத்து சத்தியம் பண்ணினியே!" என்றார் குமாஸ்தா அடிக்குரலில்.

"அடுப்பங்கரைக்குள்ள போமாட்டேன்னுதானே சொன்னேன்? நான் கொல்லைக்குப் போறேன்."

தாம்பூலப் பைக்குள் கையை விட்டார். வெற்றிலைக்கும் மஞ்சளுக்கும் அடியிலிருந்து தகர டப்பா வெளியே வந்தது. குமாஸ்தா தன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தார்.

சத்தியத்தை அந்த அம்மாள் கடைசி வரை மீறவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். அவர் கொல்லையில் நின்றார்; நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போய் நின்றோம். பையனின் தாயார் அடுப்பங்கரைக்குள் தப்படி வைத்து அளந்து உள்ளிருந்து கத்தினார்.

"கதவுலேர்ந்து அடுப்புக்கு ஏழு தப்படி!"

"ஒங்க தப்படியா, என் தப்படியா?"

"என்னுதுதான்!"

"அப்ப எனக்கு எட்டு. அந்தாண்ட செவுரு?"

கால் மணி நேரத்தில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு புதுச் சமையலறை எழும்பியது. ஜன்னல் காற்றுக்கு எதிர்ப்பக்கம் போயிருந்தது. மேடை இருக்க வேண்டிய இடத்தில், வீட்டிலிருந்த அண்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். வழக்கத்துக்கு மாறாக ஒன்றைக் கவனித்தேன். அவர் பையனின் தாயாரின் முழங்கையைப் பிடித்துப் பார்க்கவில்லை. உயரத்தை ஏற்கெனவே தெரிந்தவர் போல் அண்டாக்களை அடுக்கினார்.

"உள்ள வாங்க வதினா. வாசல் இப்படி. சாம்பார் வைங்க. பருப்பு வெந்துடுச்சி."

பையனின் தாயார் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்று நிஜமாகவே சமைக்க ஆரம்பித்துவிட்டார். புளியைக் கரைத்து ஊற்றினார். முகத்தில் புகை படாத ஆச்சரியம்கூடத் தெரிந்தது. அந்தச் சமையலறையில் தீயே இல்லை என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

"கரண்டி?"

"அதோ, செவுத்துல மாட்டிக்கீது. எடப்பக்கம்."

வலது கையை நீட்டி எடுத்தார். கை அண்டாவுக்கு மேலாகப் போய் வந்தது.

"உப்பு?"

"அதும் அங்கதான்."

மறுபடியும் கை அண்டாவுக்கு மேலே போனது. பெருங்காயத்துக்கு மூன்றாவது தடவை நீட்டியவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஏன் வதினா, எல்லாமே எடப்பக்கமா கீது? ஒவ்வொண்ணுக்கும் அடுப்புமேல கை போவுதே. முந்தான பத்திக்காதா?"

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். சமையலறை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் தயாராக இல்லாமல் அவர் நின்றது அதுவே முதல் தடவை.

குமாஸ்தாதான் முந்திக்கொண்டார். "அவசரத்துல தப்பா போட்டுட்டா. இப்ப மாத்திடுவா. மாத்திடு, மாத்திடு."

மாற்றுவது ஒரு நிமிட வேலை. நாலு கோட்டை அழித்து வலது பக்கம் போட்டால் முடிந்தது. மாற்றிக்கொள்ளத் தயாராக அடுக்கிய தாம்பூலத் தட்டைக் குமாஸ்தா கையிலேயே வைத்திருந்தார். அந்த அம்மாள் டப்பாவை எடுத்தார். குனிந்தார். உப்புக்குப் போட்ட கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார், அழிக்கவில்லை. பிறகு நிமிர்ந்தார்.

"தப்பு இல்ல," என்றார். "சரியாத்தான் போட்டுக்கீறேன். இது ஒங்களுக்குப் போட்டது இல்ல வதினா. சரோஜாவுக்குப் போட்டது."

பையனின் தாயார் தன் வலது கையைப் பார்த்தார். இடது பக்கம் இருந்த உப்பைப் பார்த்தார்.

"எடம செய்யா? எடக்கையா?"

"ஆமா. சாப்புடறது மட்டும் சோத்தாங்கை."

"அப்ப அந்த வெரலு?"

"சுடல. துணி கட்டினது நான்தான்."

கார்வேட்டிநகரத்து அண்ணன் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்.

"மறச்சிக் குடுத்துடலாம்னுதான் வந்தேன்," என்றார் அந்த அம்மாள். "கோடு போடச்சொல்லோ கை அப்படிப் போவல. இத மாத்திப் போட்டா அவளுக்கு எங்கெங்க சுடும்னு எனக்குத் தெரியும்." புடவைத் தலைப்பை விலக்கித் தன் வலது கையை நீட்டினார். ஐந்து தழும்புகளும் வெயிலில் நன்றாகத் தெரிந்தன.

பையனின் தாயார் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். முகம் சிவந்தது. இனி ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று நானும் நினைத்தேன்.

"அது இருக்கட்டும்," என்றார் உரக்க. "இது அவளுக்குன்னா நான் எங்க நிக்கறது? என் வூட்ல எனக்கே எடம் இல்லாம வரஞ்சிக்கீறீங்க! நான் இன்னா, கொல்லையில குந்திக்கினு பல்லு குத்தறதா?"

அந்த அம்மாள் தரையைப் பார்த்தார். இந்த முறை உடனே பதில் வந்தது.

"அது தப்பு," என்றார். "அது என் தப்புதான்."

மூன்று வருடத்தில் அந்தச் சொல்லை அவர் தன் வரைபடத்தைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. உட்கார்ந்து உள்ளங்கையால் ஒரு சுவர் முழுவதையும் அழித்தார். மூன்று தப்படி தள்ளிப் புதுச் சுவரைப் போட்டார்.

"உள்ள அந்த எடத்துல பாத்திரம் இருக்கே அம்மா," என்றார் பாத்திரக் கடைக்காரர்.

"கடைக்கு எடுத்துக்கினு போங்க அண்ணா."

"கடையில எடம் இல்ல."

"வூட்ல மட்டும் கீதா?" என்றார் அவர் மனைவி. கடைக்காரர் இன்னும் இரண்டு அண்டா எடுத்துவர உள்ளே போனார்.

புது இடத்தில், முதல் அடுப்புக்கு வலது பக்கத்தில் இரண்டாவது அடுப்பு வந்தது. அதற்கும் அண்டா கவிழ்த்தார்கள். இப்போது பையனின் தாயாரின் முழங்கையை அந்த அம்மாள் பிடித்துப் பார்த்தார். ஒரு அண்டா கூடுதலாகப் போட வேண்டியிருந்தது.

"இது ஒங்க அடுப்பு, சோத்தாங்கைப் பக்கம். ஒங்க உப்பு, கரண்டி எல்லாம் இந்தாண்ட. அவளுது அந்தாண்ட. ரெண்டு பேரு கையும் வெளிப்பக்கம்தான் ஆடும். நடுவுல முட்டிக்காது. ரெண்டு பேரும் சோத்தாங்கைக்காரியா இருந்தா இந்த எடத்துல ரெண்டு அடுப்பு வராது வதினா. தெனமும் இடிச்சிக்கணும்."

பையனின் தாயார் இடுப்பில் கைவைத்து யோசித்தார். "பெரிய மருமவ அப்படித்தான் போனா," என்றார் மெதுவாக. "அவ முழங்கை என்மேல படும், என் முழங்கை அவமேல படும். மொதல்ல இடிச்சது யாருன்னுதான் சண்ட. தனிக்குடித்தனம் போயி ரெண்டு வருஷம் ஆவுது."

"இங்க இடிக்காது."

"நீங்க சொல்றீங்கோ. நின்னு பாத்தாத்தானே தெரியும்? பொண்ண கூட்டிக்கினு வரலியே."

அந்த அம்மாள் சுற்றிலும் பார்த்தார். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். அவர் பார்வை என்னையும் குமாஸ்தாவையும் தாண்டி, கொல்லைக் கதவோரத்திலும் அதே மாதிரி கைகட்டி நின்றுகொண்டிருந்த கணக்கு வாத்தியாரிடம் போய் நின்றது.

"மாப்ள, நீங்க வாங்க," என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. தாம்பூலத் தட்டு இன்னும் குமாஸ்தாவின் கையில்தான் இருந்தது. யாரும் எதற்கும் சம்மதம் சொல்லியிருக்கவில்லை. பையன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். எல்லோரும் அந்த முகத்தைத்தான் பார்த்தோம்.

பையனின் தாயார் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"கூப்டறாங்க இல்ல? போய் நில்லுடா. எடக்கையால கிண்டு."

கணக்கு வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாசல் வழியாகவே உள்ளே வந்து, அம்மாவுக்கு இடது பக்கத்தில் நின்றான். இல்லாத கரண்டியை இடது கையில் பிடித்துக் கிண்ட ஆரம்பித்தான். அம்மா வலது கையால் கிண்டினார். இருவருக்கும் நடுவில் அந்த அம்மாள் குனிந்து, இரண்டு முழங்கைகளுக்கும் இடையில் கையை விரித்து வைத்துப் பார்த்தார். ஒரு சாண் இடைவெளி இருந்தது.

பையனின் தாயார் மகனின் அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"உப்பு போட்டியாடா?"

அவன் வலது பக்கம் திரும்பித் தேடினான்.

"எடப்பக்கம், மாப்ள," என்றார் அந்த அம்மாள்.